மயில்கழுத்து

கொள்முதல் நிலையத்துக் களத்தில்
ஒன்பதாவது ராத்திரி.
டோக்கன் நாற்பத்தொன்று.
என் நெல்லுக்குப் பக்கத்தில்
நானும் ஒரு மூட்டையாய்.

பதினேழுக்குக் கீழே வந்தால் எடுத்துக்கொள்வார்கள்.
நேற்று பதினெட்டு புள்ளி நாலு.
பகலெல்லாம் காலால் துழாவிக் காயவைப்பதை
ராத்திரி வந்து நனைத்துவிட்டுப் போகிறது தைப் பனி,
வட்டி ஏறுகிற மாதிரி,
சத்தமே இல்லாமல்.

சும்மா உட்கார முடியாமல் பையைத் திறக்கிறேன்.
ஒரு குரோஷா ஊசி. நாலு உருண்டை உல்லன்:
மிளகாய்ச் சிவப்பு, கத்தரிப்பூ, எலுமிச்சை,
அப்புறம் ஒரு நீலம்.
கும்பகோணத்துக் கடைப்பையன் அதற்குப் பெயர் சொன்னான்:
மயில்கழுத்து.
"நம்ம ஊர் வெயிலுக்கு உல்லனா அக்கா?"
"கழுத்துக்குத்தான் தம்பி."

ஆடியில் தஞ்சாவூரில் தைராய்டை எடுத்தார்கள்.
அதற்குப் பிறகு என்னோடு பேசுகிறவர்கள்
கண்ணைப் பார்ப்பதில்லை.
நாலு விரற்கடை கீழே பார்த்துப் பேசுகிறார்கள்.
என் கதை அசல் கழுத்தறுப்பு என்று சொல்லி
நானே சிரிப்பேன்.
அவர்கள் சிரிக்க மாட்டார்கள்,
உச்சுக்கொட்டுவார்கள்.

நூற்று இருபது சங்கிலி.
கடைசிக் கண்ணியை முதல் கண்ணியில் கோத்தால் வட்டம்.
நாலு ஏறி, உச்சியில் ஒன்றை மூன்றாக்கி,
நாலு இறங்கி, பள்ளத்தில் மூன்றை ஒன்றாக்கி,
மறுபடி ஏறி.
இரண்டாம் சுற்றில் செல்போனில் சார்ஜ் செத்தது.
சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண்
வாய் திறந்தபடி இருண்டு போனாள்.
மீதியை விரலிடமே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த குவியல் ஞானப்பிரகாசத்துடையது.
பீடியை மண்ணில் தேய்த்துவிட்டு
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது எங்கம்மா போய் முடியும்?"
"முடியாது. சுத்திக்கிட்டே போகும்."
"அப்ப இதுக்குக் கடைமடைன்னு ஒண்ணு கெடையாது?"
அவர் நிலம் வாய்க்காலின் கடைசி மடை.
"கெடையாது" என்றேன்.
அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.
தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு
தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார்.

ஐந்தாம் சுற்றில்தான் கவனித்தேன்.
முறுக்கு.
சங்கிலியைச் சேர்த்த அன்றைக்கே
ஓரிடத்தில் புரண்டிருக்கிறது.
மேலே போன சிவப்பு கீழே வருகிறது,
கீழே இருந்த எலுமிச்சை முதுகைக் காட்டுகிறது.
பிரித்தால் மூன்று ராத்திரி வீண்.
ஊசியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு லாரி வந்து, திரும்பி, போகும்வரை யோசித்தேன்.
பிறகு தலைவழியே மாட்டிப் பார்த்தேன்.
புரண்ட இடம்
தானாக வந்து தொண்டைக்குழியில் உட்கார்ந்தது,
அங்கேதான் வேலை என்பதுபோல்.
கழற்றி, விட்ட கண்ணியிலிருந்து
நீலத்தை ஆரம்பித்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை.
வெயில் கொஞ்சம் மனசு வைத்திருந்தது.
"டோக்கன் நாப்பத்தொண்ணு, மங்கையர்க்கரசி!"
காதோடு மஃப்ளர் கட்டிய எழுத்தர்
குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு
ஒரு பிடி அள்ளினார்.
எனக்கு வேர்த்தது.
மாட்டியிருந்ததைக் கழற்றித் தோளில் போட்டேன்.
கருவியை மறந்து அவர் பார்த்தார்,
நாலு விரற்கடை கீழே.

"அது காஞ்சு போச்சு சார்.
நெல்லைப் பாருங்க."

பதினாறு புள்ளி ஒன்பது.

மூட்டை தைக்கும் மெஷின் கடகடவென்று ஓடியது.
அதுவும் சங்கிலித் தையல்தான்.
முனை தெரிந்தவன் இழுத்தால்
ஒரே இழுப்பில் வாய் திறந்துவிடும்.
நாற்பது கிலோ, நாற்பது கிலோ என்று
தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன் மனசுக்குள்.

பஸ்ஸில் உட்கார்ந்து உதறியபோதுதான்
உல்லன் கண்ணிகளுக்குள் தெரிந்தது,
நாலைந்து சம்பா நெல்.
மயில்கழுத்து நீலத்தில்
மஞ்சள் மஞ்சளாய்.
எடையில் சேராதது.
எடுக்காமல் அப்படியே
கழுத்தில் போட்டுக்கொண்டேன்.